மாண்ட்கோமரி, செல்மா நினைவிடங்களுக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்பகுதியில் சிவில் உரிமைப் போராட்டத்தின் தடங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரியில் தொடங்குகிறார்கள். பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானது இங்கேதான். மார்ட்டின் லூதர் கிங் 1954 முதல் 1960 வரை போதகராக இருந்ததும் இங்கேதான். செல்மாவிலிருந்து புறப்பட்ட வாக்குரிமை நடைப்பயணம் முடிந்ததும் இந்த ஊரில்தான். அட்லாண்டாவிலிருந்து காரில் குடும்பத்தோடு வருகிறவர்களையும், இந்தியாவிலிருந்து வந்து அமெரிக்காவில் சில வாரம் தங்கியிருக்கும் பெற்றோரையும் மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

மாண்ட்கோமரியில் பார்க்க வேண்டியவை எவை?

பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். ‘சிவில் ரைட்ஸ் மெமோரியல்’ என்று வரைபடத்தில் தேடினால் வருவது மாயா லின் வடிவமைத்த கருங்கல் நினைவுச்சின்னம். வாஷிங்டன் அவென்யூவில் இருக்கிறது, சிறியது, அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தொங்கும் இரும்புத் தூண்களைப் படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தேடுவது அதை அல்ல. அது கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவருக்கான ‘அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடம்’. ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 2018 ஏப்ரல் 26 அன்று திறந்தது. வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் 1989இல் தொடங்கிய அமைப்பு அது. அதே அமைப்புதான் லெகசி அருங்காட்சியகத்தையும், அலபாமா ஆற்றங்கரையில் 17 ஏக்கரில் 2024இல் திறந்த ஃப்ரீடம் மான்யுமென்ட் சிற்பப் பூங்காவையும் நடத்துகிறது. இந்த மூன்றையும் சேர்த்து ‘லெகசி சைட்ஸ்’ என்பார்கள்.

இவை போக ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகம், டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயம், கிங் குடும்பம் வாழ்ந்த போதகர் இல்லம், பழைய கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தில் உள்ள ஃப்ரீடம் ரைட்ஸ் அருங்காட்சியகம் ஆகியவை நகரின் நடுப்பகுதியிலும் அதைச் சுற்றியும் உள்ளன. செல்மா தனி ஊர், ஒரு மணி நேரப் பயணம்.

எந்தக் கிழமையில் போவது நல்லது?

வியாழன், வெள்ளி, சனி.

பயணத் திட்டங்கள் அதிகம் சொதப்புவது இந்த ஒரு விஷயத்தில்தான். லெகசி சைட்ஸ் மூன்றும் புதன் முதல் ஞாயிறு வரை திறந்திருக்கும், திங்களும் செவ்வாயும் விடுமுறை. ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகம் ட்ராய் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருப்பதால் வாரநாள்களில் முழு நேரமும் சனிக்கிழமை குறைந்த நேரமும் இயங்கும், ஞாயிறு கிடையாது. ஃப்ரீடம் ரைட்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. சனி, ஞாயிறு, திங்கள் என்று நீண்ட வார இறுதிக்குத் திட்டமிடும் குடும்பம் ஞாயிறன்று பாதியை இழக்கும், திங்களன்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழக்கும். வேலைக்கு ஒரு நாள் விடுப்புப் போட முடிந்தால் திங்களைவிட வெள்ளிக்கிழமைக்குப் போடுங்கள். பண்டிகை, அரசு விடுமுறை வரும் வாரமாக இருந்தால் ஒவ்வோர் இடத்தின் இணையதளத்திலும் தேதியைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு விடுமுறை என்றதும் இன்னொன்று. ஜனவரி மூன்றாம் திங்கள் நாடு முழுவதும் கிங் பிறந்தநாள் விடுமுறை. அலபாமா மாநில அரசு அதே நாளை, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்புப் படையின் தளபதி ராபர்ட் லீக்கும் சேர்த்து அனுசரிக்கிறது. இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் பக்கத்திலேயே அதன் எதிர்த்தரப்பும் நிற்கும்.

எத்தனை நாள் வேண்டும்?

மாண்ட்கோமரிக்கு முழுதாக இரண்டு நாள், செல்மாவுக்கு ஒரு நாள். லெகசி அருங்காட்சியகத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம் வையுங்கள். ‘ஒன்றரை மணி நேரம் போதும்’ என்று வருகிறவர்கள் அடிமை வணிகப் பகுதியில் நின்று படித்துவிட்டு, சிறைகள் பற்றிய கடைசிப் பகுதியை ஓட்டமாகக் கடந்துபோகிறார்கள். அந்த அருங்காட்சியகத்தின் வாதமே அடிமைமுறை எப்படிக் கும்பல் கொலையாகவும், பிறகு நிறப்பிரிவினையாகவும், இன்று பெருந்திரள் சிறைவைப்பாகவும் உருமாறியது என்பதுதான். கடைசிப் பகுதியைத் தவறவிட்டால் முக்கால்வாசி வாதத்தோடு வெளியே வருவீர்கள். தொங்கும் தூண்களின் நினைவிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், சிற்பப் பூங்காவுக்கு இரண்டு மணி நேரம்.

மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாமா என்று கேட்டால், கால் தாங்கும், மனம் தாங்காது. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அருங்காட்சியகத்தையும் நினைவிடத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

அட்லாண்டாவிலிருந்து ஐ-85 நெடுஞ்சாலையில் சுமார் 160 மைல், இரண்டரை மணி நேரம். பர்மிங்காமிலிருந்து ஐ-65இல் 90 மைல், ஒன்றரை மணி நேரம். மாண்ட்கோமரிக்கு விமான நிலையம் உண்டு, ஆனால் விமானங்கள் குறைவு. வெளியூரிலிருந்து பறந்து வருகிறவர்கள் அட்லாண்டாவில் இறங்கிக் கார் எடுப்பதே வழக்கம். பயணிகள் ரயில் இந்த ஊருக்கு வருவதில்லை.

கார் இல்லாமலும் நகருக்குள் சமாளிக்கலாம். லெகசி சைட்ஸ் மூன்றுக்கும் இடையே அந்த அமைப்பே இலவசப் பேருந்து விடுகிறது. சிற்பப் பூங்காவுக்கு ஆற்றுப் படகில் போகும் ஏற்பாடும் உண்டு. நகர நடுப்பகுதியில் உள்ள மற்ற இடங்களை நடந்தே பார்க்கலாம். செல்மாவுக்குத்தான் கார் இல்லாமல் போவது கஷ்டம். டாக்சியில் அங்கே போய்விடலாம், திரும்பி வர வண்டி கிடைக்காமல் மாட்டிக்கொள்வீர்கள்.

அட்லாண்டாவிலிருந்து வருகிறவர்கள் மறக்கக்கூடாதது: ஜார்ஜியா கிழக்கு நேரம், அலபாமா மத்திய நேரம். மாநில எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மாண்ட்கோமரியில் எட்டரை மணிக்கே நிற்பீர்கள், கதவு திறந்திருக்காது. முன்பதிவுச் சீட்டில் உள்ள நேரம் எப்போதும் மத்திய நேரம்தான்.

எந்த மாதம் ஏற்றது?

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை, அடுத்து மார்ச்சும் ஏப்ரலும். ஜூன் முதல் செப்டம்பர் பாதிவரை பகல் வெப்பம் 33, 34 டிகிரி செல்சியஸ், கூடவே புழுக்கம். சென்னைக்காரருக்கு இது பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் நினைவிடம் குன்றின்மேல் திறந்தவெளியில் இருக்கிறது, சிற்பப் பூங்காவும் அப்படித்தான். கோடையில் காலை திறந்ததும் வெளியிடங்கள், மதியம் குளிரூட்டிய அருங்காட்சியகம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் இடிமழையும் வரும்.

வசந்தத்தில் இரண்டு சிக்கல். ஒன்று, பள்ளிக் குழுக்கள் வாரநாள் காலைகளில் பேருந்து பேருந்தாக வந்து இறங்கும், எனவே மதியத்துக்கு மேல் போங்கள். இரண்டாவது டொர்னேடோ எனப்படும் சூறாவளி. மார்ச் முதல் மே வரையும் மறுபடி நவம்பரிலும் அதற்கான பருவம். 2023 ஜனவரி 12 அன்று செல்மா ஊரையே ஒரு சூறாவளி பிய்த்துப்போட்டது. கைபேசியில் அவசர எச்சரிக்கைகளை அணைத்துவைக்காதீர்கள்.

கட்டணம், முன்பதிவு?

லெகசி சைட்ஸ் மூன்றுக்கும் சேர்த்து 5 டாலர்தான். இணையத்திலேயே பதிவு செய்யலாம். சனிக்கிழமைக்கு முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். நுழையும்போது விமான நிலையம்போலப் பாதுகாப்புச் சோதனை உண்டு. பெரிய பைகளையும் சாப்பாட்டையும் காரிலேயே வைத்துவிடுங்கள், வெளியே தெரியாதபடி டிக்கியில்.

டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தையும் போதகர் இல்லத்தையும் உள்ளே போய்ப் பார்க்க முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. இரண்டு வாரம் முன்னாலேயே கேட்டுவையுங்கள். கேட்காமல் போனால் வாசற்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அருங்காட்சியகம் முதலிலா, நினைவிடம் முதலிலா?

அருங்காட்சியகம் முதலில். நினைவிடத்தில் விளக்கப் பலகைகள் மிகக் குறைவு. பெயர், தேதி, கவுண்டி, அவ்வளவுதான். அது யாருடைய பெயர், ஏன் கொன்றார்கள், ஏன் யாரும் தண்டிக்கப்படவில்லை என்பதையெல்லாம் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வந்தால்தான் அந்த மௌனம் பேசும். அங்கே ஒரு சுவர் நிறையக் கண்ணாடிச் சாடிகளில் மண் இருக்கும். கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட இடங்களுக்கு அந்தந்த ஊர்க்காரர்களே போய் அள்ளிவந்த மண் அது. செம்மண், கரிசல், மணல் என்று ஒவ்வொரு சாடியும் ஒரு நிறம், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். நினைவிடத்துக்குப் போகுமுன் அந்தச் சுவரின் முன் நிற்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் காரணமாக வரிசையை மாற்ற வேண்டியிருந்தால் முதல் நாள் மதியம் அருங்காட்சியகம், மறுநாள் காலை நினைவிடம் என்று பிரித்துக்கொள்வது சிறந்தது.

தொங்கும் தூண்கள் நினைவிடத்தை எப்படிப் பார்ப்பது?

மொத்தம் 6 ஏக்கர். வாசலில் நுழைந்ததும் குன்றின் ஓரமாக மேலேறும் பாதை. தொடக்கத்திலேயே கானா நாட்டுச் சிற்பி க்வாமே அகோட்டோ பாம்ஃபோ செய்த சங்கிலியிட்ட மனித உருவங்கள் நிற்கும். பாதை திரும்பி மேலே சென்றால் நான்கு பக்கமும் கூரையிட்ட சதுர மண்டபம், நடுவே திறந்த புல்வெளி. 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் அங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றும் 6 அடி உயரம். ஒரு தூண் ஒரு கவுண்டிக்கு, அதாவது அங்குள்ள மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுக்கு. அந்தக் கவுண்டியில் 1877க்கும் 1950க்கும் இடையே கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. மொத்தம் 4,400க்கும் மேல். பெயர் தெரியாதவர்களுக்கு ‘அன்னோன்’ என்று மட்டும் இருக்கும்.

முதல் பக்கத்தில் தூண்கள் தரையில் நிற்பதுபோல் கண்ணுக்கு நேராக இருக்கும், ஆள்களுக்கு நடுவே நடப்பதுபோல. இரண்டாம் பக்கத்தில் திரும்பியதும் தரை சரியத் தொடங்கும். தூண்களின் உயரம் மாறாது, நீங்கள்தான் இறங்கிக்கொண்டே போவீர்கள். மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது எல்லாம் தலைக்கு மேல் தொங்கும். கொலை நடந்த காலத்தில் கூடிநின்று அண்ணாந்து பார்த்த கூட்டத்தின் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். வேகமாக நடந்தால் இந்தச் சரிவு புலப்படாது, எனவே மெதுவாக நடங்கள், கைபேசியைப் பையில் போட்டுவிட்டு.

அந்தப் பகுதியின் சுவர்களில் ஓரிரு வரிகளில் ‘காரணங்கள்’ எழுதப்பட்டிருக்கும், அவற்றைத் தவறவிடாதீர்கள். 1922இல் மிசிசிப்பியில் பார்க்ஸ் பேங்க்ஸ் கொல்லப்பட்டது வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்திருந்ததற்காக. 1933இல் பர்மிங்காமில் எலிசபெத் லாரன்ஸ் கொல்லப்பட்டது, தன்மேல் கல்லெறிந்த வெள்ளைக்காரச் சிறுவர்களைக் கண்டித்ததற்காக. 1918இல் ஜார்ஜியாவில், கணவன் கொல்லப்பட்டதை எதிர்த்துப் பேசிய மேரி டர்னரை வயிற்றுப் பிள்ளையோடு கொன்றார்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருடன் வந்தால் இந்த வரிகளையாவது நின்று தமிழில் சொல்லிவிடுங்கள். மற்றவற்றைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள்.

மண்டபத்தைவிட்டு வெளியே வந்ததும் அதே தூண்களின் நகல்கள் தரையில் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். ஒவ்வொரு கவுண்டியும் வந்து தன் நகலை எடுத்துப்போய்த் தன் ஊரில் நிறுத்த வேண்டும் என்பது அந்த அமைப்பின் அழைப்பு. பெரும்பாலானவை இன்னும் அங்கேயே கிடக்கின்றன. உங்களுக்கு இது நடைமுறையிலும் உதவும்: தலைக்கு மேல் தொங்கும் தூணில் பெயர் படிக்கக் கழுத்து வலிக்கும். நகலில் குனிந்து படிக்கலாம்.

அமெரிக்காவில் வசிக்கிறவர்கள் வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்துவிட்டு வாருங்கள். நீங்கள் குடியிருக்கும் கவுண்டியையும் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பின் இணையதளத்தில் கவுண்டிவாரியான வரைபடம் இருக்கிறது. அட்லாண்டா நகரம் இருக்கும் ஃபுல்டன் கவுண்டிக்கும் தூண் உண்டு. தேடக் கஷ்டமாக இருந்தால் ஊழியர்களிடம் கேளுங்கள், வழிகாட்டுவார்கள். எண்ணூறு தூணையும் படிக்க யாராலும் முடியாது. தினமும் வேலைக்குப் போகும் சாலையின் பெயர் இருக்கும் ஒரு தூணைக் கண்டுபிடித்து, அதை முழுதாகப் படித்தால் போதும்.

படம் எடுக்கலாமா?

நினைவிடத்திலும் சிற்பப் பூங்காவிலும் எடுக்கலாம். லெகசி அருங்காட்சியகத்துக்குள் கூடாது. தூண்களில் சாய்ந்துகொண்டு, குழுவாகச் சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பதை அங்கே யாரும் வந்து தடுக்காமல் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் நிற்பவர் தன் தாத்தாவின் அண்ணன் பெயரைத் தேடி வந்தவராக இருக்க வாய்ப்பு உண்டு. இங்கே அது அரிதல்ல.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பத்து, பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகம், மாயா லின் நினைவுச்சின்னம், செல்மா பாலம் ஆகிய மூன்றும் போதும். லெகசி அருங்காட்சியகத்தில் கொலைப் படங்கள், விற்கப்படுமுன் அடைத்துவைக்கப்பட்டவர்கள் கம்பிக்குப் பின்னால் உயிருள்ளவர்போல் எழுந்து பேசும் ஒளிப்பிம்பங்கள், கடலடியில் கிடப்பதுபோன்ற மனித உருவங்கள் என்று இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சிறுபிள்ளை பயந்து அழுதால் பெரியவர்களும் பாதியில் வெளியேற வேண்டிவரும். கணவனும் மனைவியும் மாறிமாறிப் போவது ஒரு வழி. பதின்ம வயதினர் தாராளமாக வரலாம். எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை முதல்நாளே சொல்லிவையுங்கள்.

வயதானவர்கள், சக்கர நாற்காலி?

எல்லா இடத்திலும் சக்கர நாற்காலிக்குப் பாதை உண்டு. நினைவிடத்தின் ஏற்றம் மட்டும் கொஞ்சம் நீளம், தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். மூட்டுவலி உள்ளவர்கள் மண்டபச் சரிவில் மெதுவாக இறங்க வேண்டும், மழை பெய்திருந்தால் இன்னும் கவனமாக. போதகர் இல்லம் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மரவீடு என்பதால் படிகளைப் பற்றி முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாயா லின் நினைவுச்சின்னத்தில் என்ன இருக்கிறது?

வட்டமான கருங்கல் மேடை, அதன்மேல் மெல்லிய படலமாக ஓடும் தண்ணீர். 1989 நவம்பரில் திறக்கப்பட்டது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1954 மே 17 முதல், கிங் சுட்டுக்கொல்லப்பட்ட 1968 ஏப்ரல் 4 வரையான நிகழ்ச்சிகளும், அக்காலத்தில் உயிர்விட்ட 41 பேரின் பெயர்களும் கடிகார முள் போகும் திசையில் வெட்டப்பட்டுள்ளன. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் எழுத்தில்லாத ஒரு வெற்றிடம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. தண்ணீருக்குள் விரல் வைத்துப் பெயரைத் தொடலாம். தொடுவதற்காகவே அந்த உயரத்தில் செய்தார்கள். திறந்த முற்றம் என்பதால் சீட்டு வேண்டாம், எந்த நேரமும் போகலாம். மற்ற இடங்கள் மூடிய பிறகு மாலையில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்ஸ்டர் அவென்யூவில் நடந்தால் என்ன பார்க்கலாம்?

ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தெரு. கீழ்முனையில் கோர்ட் ஸ்கொயர், மேல்முனையில் வெள்ளை மாடத்தோடு மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடம். கீழிருந்து மேலே நடங்கள்.

கோர்ட் ஸ்கொயர் நீரூற்றின் பக்கத்தில் அடிமைச் சந்தை நடந்தது. சதுக்கத்தை ஒட்டிய வின்டர் கட்டடத்திலிருந்துதான் 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டையைத் தாக்க அனுமதித்த தந்தி போனது, உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1955 டிசம்பர் 1 மாலை ரோசா பார்க்ஸ் பேருந்து ஏறியதும் இந்தச் சதுக்கத்தில்தான். அவருடைய சிலை 2019இல் இங்கே வைக்கப்பட்டது. மேலே போனால் வலப்பக்கம் செங்கல் கட்டடம், டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயம். அவர் கைதான மறுநாள் தலைவர்கள் கூடிப் பேசியது இதன் கீழ்த்தளத்தில். அங்கிருந்து ஒரே தெருத்துண்டு தள்ளித் தலைமைச் செயலகப் படிக்கட்டு. 1861இல் ஜெஃபர்சன் டேவிஸ் கூட்டமைப்பின் அதிபராகப் பதவியேற்ற இடத்தில் படியின் உச்சியில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். 1965 மார்ச் 25 அன்று 25,000 பேர் முன்னால் கிங் பேசியது அதே படிகளின் அடியில், தெருவில்.

நடக்கும்போது எதிரெதிரான வரலாற்றுப் பலகைகள் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். எந்தப் பலகையை யார் எந்த ஆண்டு வைத்தார்கள் என்பதையும் கீழே பார்த்துப் படித்தால் அது தனிக் கதை.

போதகர் இல்லம் அங்கிருந்து தெற்கே, சவுத் ஜாக்சன் தெருவில். 1956 ஜனவரி 30 இரவு அதன் முன்திண்ணையில் குண்டு வெடித்தது. கிங்கின் மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள், உயிர் தப்பினார்கள்.

ரோசா பார்க்ஸ் ஏறிய அதே பேருந்து இங்கே இருக்கிறதா?

இல்லை. அது மிசிகன் மாநிலம் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது அதே மாதிரிப் பேருந்து. அதன் சன்னல்களில் காட்சியை ஒளிப்படமாக ஓட்டி, அன்று நடந்ததைக் கண்முன் காட்டுவார்கள். குழுக்குழுவாக உள்ளே விடுவதால், போனதும் நுழைய முடியாமல் கொஞ்சம் காத்திருக்க நேரலாம்.

பலர் நினைப்பதுபோல் அவர் வெள்ளையர் பகுதியில் உட்காரவில்லை. கறுப்பினத்தவருக்கான பகுதியின் முதல் வரிசையில்தான் இருந்தார். வெள்ளையர் இடம் நிரம்பியதும் அந்த வரிசையையும் காலி செய்யச் சொன்னார்கள். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, 15 வயது கிளாடெட் கால்வின் இதேபோல் கைதானார். கறுப்பினத்தவர் நகரப் பேருந்துகளில் ஏறாமல் நடத்திய 381 நாள் புறக்கணிப்புக்கு முடிவு தந்த வழக்கில் வாதிகளில் ஒருவர் கால்வின், ரோசா பார்க்ஸ் அல்ல. அந்த வழக்கு பற்றிய பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள்.

சில தெரு தள்ளி உள்ள ஃப்ரீடம் ரைட்ஸ் அருங்காட்சியகம் சிறியது, முக்கால் மணி நேரம். 1961 மே 20 அன்று, பேருந்துப் பயணத்தில் நிறப்பிரிவினையை எதிர்த்து வந்து இறங்கிய இளைஞர்களைக் கும்பல் அடித்துப்போட்ட இடம். அது மூடியிருந்தாலும் வெளிச்சுவரில் உள்ள விளக்கப் பலகைகளைப் படிக்கலாம்.

செல்மா பாலத்தை எந்தப் பக்கத்திலிருந்து நடக்க வேண்டும்?

ஊர்ப் பக்கத்திலிருந்து, பிராட் தெரு முனையில் தொடங்கி. காரை மறுகரையில் நிறுத்திவிட்டு எதிர்த்திசையில் நடப்பவர்கள் முக்கியமான ஒன்றை இழக்கிறார்கள். எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் உயர்ந்து வளைந்தது. ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறும்போது மறுகரை தெரியாது. 1965 மார்ச் 7 ஞாயிறன்று, ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் முன்னே வர நடந்த சுமார் 600 பேருக்கும் தெரியவில்லை. உச்சியைத் தொட்ட பிறகே கீழே மாநிலக் காவலர்கள் சாலையை மறித்து நிற்பது கண்ணில் பட்டது. அதே உச்சியில் நீங்களும் நின்று பாருங்கள். தடியடியில் லூயிஸின் மண்டை ஓடு உடைந்தது மறுகரையில், பாலம் முடிந்து சற்றுத் தள்ளி.

நடைபாதை உண்டு, ஆனால் குறுகல், பக்கத்தில் லாரிகள் போகும். குழந்தையின் கையை விடாதீர்கள். போய்வர நிதானமாக நாற்பது நிமிடம். பாலத்தின் நெற்றியில் இன்றும் பெரிதாக எழுதியிருக்கும் பெயர் ஒரு கூட்டமைப்புத் தளபதியுடையது. அவர் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் தலைவராகவும் இருந்தவர்.

நடைப்பயணங்கள் புறப்பட்ட பிரவுன் சேப்பல் தேவாலயம் ஊருக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து பார்க்கலாம். செல்மாவில் உள்ள தேசியப் பூங்காத் துறை மையங்களும் தேவாலயமும் சீரமைப்புக்காக அவ்வப்போது மூடப்படுவதால் கிளம்பும் வாரத்தில் துறையின் இணையதளத்தைப் பாருங்கள். மார்ச் முதல் வார இறுதியில் ஆண்டு விழா. அந்தச் சூழலை விரும்புகிறவர்களுக்கு அதுதான் நாள், ஆனால் மாண்ட்கோமரி வரை தங்குமிடம் கிடைக்காது. அமைதியாக நடக்க விரும்பினால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிவரை வழியில் என்ன இருக்கிறது?

யு.எஸ். 80 சாலை, 54 மைல் நடைப்பயண வழி. 1965 மார்ச் 21 முதல் 25 வரை நடந்தார்கள். இடையில் லவுன்ட்ஸ் கவுண்டியில் சாலை இருவழித்தடமாகக் குறுகியதால் 300 பேர் மட்டுமே நடக்கலாம் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. இரவு தங்கிய பண்ணைகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு, வேகத்தில் தவறவிடுவீர்கள். வழிநடுவே தேசியப் பூங்காத் துறையின் லவுன்ட்ஸ் விளக்க மையம். வாக்காளராகப் பதிவு செய்ததற்காகக் குத்தகை நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்கள் கூடாரம் போட்டு வாழ்ந்த இடம் அது. கழிப்பறைக்கும் நம்பிக்கையான இடம் அதுதான். செல்மாவிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.

நடைப்பயணம் முடிந்த இரவு, ஆள்களைக் காரில் கொண்டுவிட்டுக்கொண்டிருந்த வயோலா லியூசோ இந்தச் சாலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். சாலையோரம் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. இருட்டும் முன் அந்தப் பகுதியைக் கடந்தால்தான் கண்ணில் படும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். தென்பகுதி உணவகங்களில் ‘வெஜிடபிள் பிளேட்’ என்று இருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். கீரையைப் பன்றிக்காலோடு வேகவைப்பார்கள், அவரை வகைகளில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும், சோள ரொட்டியில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். மக்ரோனி சீஸ் அந்தப் பட்டியலில் காய்கறியாகவே எண்ணப்படும்! ஒவ்வொன்றையும் ‘இறைச்சி போட்டுச் சமைத்ததா’ என்று தனித்தனியாகக் கேளுங்கள், ‘சைவமா’ என்று பொதுவாகக் கேட்டால் ஆமாம் என்றுவிடுவார்கள். செல்மா போகும் நாளில் கையில் எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ எடுத்துப்போவது நிம்மதி.

கிங் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறார். 1959 பிப்ரவரி, மார்ச்சில் கொரெட்டாவோடு ஒரு மாதம் இந்தியாவில் சுற்றியபோது சென்னை, காந்திகிராமம், மதுரை, கன்னியாகுமரி ஆகிய இடங்களுக்கும் வந்தார். அப்போது அவர் டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தின் போதகர். ஊர் திரும்பியதும் மார்ச் 22 அன்று அதே தேவாலயத்தில் காந்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் கிங்கை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்ததாகவும், முதலில் அதிர்ந்து பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததாகவும் 1965இல் அவரே சொன்னார். தேவாலயத்தை உள்ளே பார்க்கும்போது வழிகாட்டியிடம் இந்தியப் பயணம் பற்றிக் கேளுங்கள். நம் ஊர் முகத்தைப் பார்த்தால் அவர்களே தொடங்கினாலும் தொடங்கலாம்.

பர்மிங்காமையும் சேர்த்துக்கொள்ளலாமா?

நான்காவது நாள் இருந்தால் கட்டாயம். 1963 செப்டம்பர் 15 ஞாயிறு காலை குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்த பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம், எதிரே போராடிய சிறுவர்கள்மேல் நாயை ஏவியதைக் காட்டும் சிற்பங்கள் உள்ள கெல்லி இங்ராம் பூங்கா, தெருவைக் கடந்தால் சிவில் உரிமை நிறுவனம் என்று மூன்றும் ஒரே சந்திப்பில் இருப்பதால் அரை நாள் போதும். அங்கிருந்து நேராக ஐ-20இல் அட்லாண்டா திரும்பலாம், மறுபடி மாண்ட்கோமரி வர வேண்டாம். திரும்பும் வழியில் எல்லையில் ஒரு மணி நேரம் போய்விடும். பிற்பகல் 3 மணிக்குப் பர்மிங்காமில் கிளம்பினால் அட்லாண்டாக் கடிகாரத்தில் ஆறரை ஆகும், போக்குவரத்து நெரிசலின் உச்சம். விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் அதற்கேற்ப முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.